இரைச்சலும் சொல்லும்

சென்னையிலிருந்து கூடூர் நோக்கி வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் கும்மிடிப்பூண்டியை அடுத்துள்ள நிலையம் எளாவூர். கொல்கத்தாவுக்குச் செல்லும் பெருநெடுஞ்சாலையும் அவ்வூரை ஒட்டியே செல்கிறது. ஆந்திர எல்லை அண்மையில் உள்ளது. ஊருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்குளம், நொச்சிக்குப்பம் முதலிய ஊர்களின் பக்கம் சென்றால் பழவேற்காட்டு ஏரியின் நீர்ப்பரப்பு கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கும் ஏரிகளுள் இந்திய நாட்டில் ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி அதுவே.

இவ்வட்டாரத்தில் இருவகை ஒலியுலகங்கள் அருகருகே உள்ளன. ஏரிக்குள் கோலூன்றியும் பாய் விரித்தும் செல்லும் தோணிகள் இன்றும் உண்டு. காற்று அடங்கிய வைகறையில் ஒரு தோணியிலிருந்து மற்றொரு தோணிக்குக் குரலை உயர்த்தாமலே பேசலாம். கடல்மேற் செல்வோரோ பெரும்பாலும் எஞ்சின் பூட்டிய பைபர் படகையே நாடுகின்றனர். அப்படகில் ஒருவர் தோளருகே மற்றொருவர் அமர்ந்திருந்தும் கையசைவே மொழியாகிறது. ஒரு புறம் இருப்புப்பாதை, ஒரு புறம் நெடுஞ்சாலை, ஒரு புறம் எஞ்சின் என இவற்றிடையே வாழ்வோர்க்குச் செவியைப் பற்றிய அறிவு பிறரினும் மிகுதியாக வேண்டும்.

இறாலும் நண்டும் மடவையும் கரைக்கு வந்ததும் ஏலம் தொடங்கும். ஏலம் கூறுவார் குரல், விலை ஏற்றுவார் குரல், கூடை தூக்குவார் குரல், பனிக்கட்டி உடைக்கும் ஓசை, இன்னும் நிறுத்தப்படாத எஞ்சினின் ஓசை ஆகிய எல்லாம் ஒருங்கே எழும். முப்பது ஆண்டுகள் எஞ்சினருகே அமர்ந்து கடலோடிய முதியவர் ஒருவர் அக்கூட்டத்தில் நிற்பதாகக் கொள்க. வீட்டுத் திண்ணையில் பேரப்பிள்ளை மெல்லச் சொல்லும் சொல் அவருக்கு நன்கு கேட்கிறது. ஏலக் களத்திலோ விலை விளங்கவில்லை. அறுபது என்றது இருபதாகவோ எழுபதாகவோ படுகிறது. ஒரு முறைக்கு இரு முறை வினவுகிறார். அருகில் நிற்போர் நகைக்கின்றனர். “அவருக்கு வேண்டியது மட்டும் காதில் விழும்” என்று நாடெங்கும் வழங்கும் ஏளனச் சொல்லையும் கூறுகின்றனர். மறுநாள் அவர் தம் மகனை ஏலத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்கிறார்.

இவ்வேளனம் தவறானது. வீட்டில் கேட்ட செவி களத்தில் கேளாதது நடிப்பு அன்று. ஓசை காதில் விழுதல் ஒன்று. இரைச்சலிலிருந்து சொல்லைப் பிரித்து எடுத்தல் மற்றொன்று. முன்னது குன்றாதிருக்கும்போதே பின்னது குன்றிவிடலாம். இவ்வேற்றுமையை அறியாமையால் எத்தனையோ முதியோர் பிடிவாதக்காரர் எனவும், எத்தனையோ சிறுவர் மந்த புத்தியினர் எனவும் பெயர் பெற்றுவிட்டனர்.

செவியின் உட்புறத்தில் நத்தையின் ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் மயிர்போன்ற நுண்முனைகளை உடைய உயிரணுக்கள் ஒவ்வொரு செவியிலும் ஏறத்தாழ 15,000 உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய 3,500 அணுக்களே ஒலியை நரம்புவழி மூளைக்கு அறிவிப்பவை. எஞ்சியவை, நெருங்கி நிற்கும் ஒலிகளை ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி கூர்மையாக்கித் தருபவை. முதுமையாலும் பேரோசையாலும் முதலில் பெரிதும் நலிவன இப்பின்னவையே. அவற்றுள்ளும் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு உரியவை முன்னே கெடும். மனிதர்க்கு இவ்வணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இதனால் சொல்லுக்கு நேரும் கேட்டைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே எளிதில் உணரலாம். குற்றுயிர்க்கு ஒரு மாத்திரையும் நெட்டுயிர்க்கு இரண்டு மாத்திரையும் மெய்க்கு அரை மாத்திரையும் தொல்காப்பியம் கூறும் அளவு. உயிர் ஒலி நீண்டும் ஓங்கியும் ஒலிப்பது. மெய் ஒலி கணப்பொழுதில் தோன்றி மறைவது. ஆயினும் பொருளை வேறுபடுத்தும் வேலையில் பெரும்பகுதியை அரை மாத்திரை மெய்யே சுமக்கிறது. கட்டு, தட்டு, பட்டு என்னும் மூன்று சொற்களிலும் முதல் மெய் ஒன்றே வேறு. ஏனைய எல்லாம் ஒன்றே. உயர்ந்த ஒலிகளை இழந்த செவிக்கு இம்மூன்றும் ஒரே சொல்லாகத் தோன்றும். வல்லினம் என்னும் பெயரைக் கொண்டு அவ்வெழுத்துகள் காற்றில் வலிமையோடு செல்வன என்று எண்ணிவிடலாகாது. ஒலிப்பு முயற்சியால் அவை வல்லினம்; செவியைச் சேர்வதில் அவை மெல்லினத்தினும் மெல்லியவை. “பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை” என்று முதியோர் கூறுவதற்கு இதுவே பொருள். உயிர் கேட்கிறது; மெய் கேட்கவில்லை.

அமைதியான இடத்தில் இக்குறை வெளிப்படுவதில்லை. பேசுவோர் முகமும், பேசும் செய்தியும், பழகிய சொற்றொடரும் விடுபட்ட எழுத்தை நிரப்பிவிடும். சோறு, குழம்பு என்று பேசிக்கொண்டிருக்கும்போது ‘தட்டு’ என்பது ‘பட்டு’ என்று மயங்குவதற்கு இடமில்லை. விலையும் பெயரும் அத்தகையன அல்ல. அறுபதுக்கும் எழுபதுக்கும் முன்னும் பின்னும் துணைநின்று விளக்கும் சொல் இல்லை. ஆகவே வீட்டில் வெளிப்படாத குறை ஏலக்களத்தில் வெளிப்படுகிறது. போதாக்குறைக்கு எஞ்சினின் தாழ்ந்த உறுமல் ஓங்கும்போது தனக்கு மேற்பட்ட ஒலிகளையும் மூடிவிடும் இயல்புடையது. உயர்ந்த ஒலி தாழ்ந்த ஒலியை அவ்வளவு மூடுவதில்லை.

குறையற்ற செவி இரைச்சலை எவ்வாறு வெல்கிறது என்று வினவலாம். கடற்கரையில் படகைத் தள்ளுவோர் அலைமேல் மோதித் தள்ளுவதில்லை. ஓர் அலை உடைந்து அடுத்த அலை எழுமுன் உள்ள இடைவெளி பார்த்துத் தள்ளுவர். செவியும் அதனையே செய்கிறது. கூட்டத்தின் பேச்சொலி ஒரே சீராக இராது; ஏறும், இறங்கும். அது இறங்கும் நொடிகளில் தனக்கு வேண்டிய குரலின் துணுக்குகளைச் செவி பற்றிக்கொள்ள, மூளை அவற்றை ஒட்டவைத்துச் சொல்லாக்குகிறது. செவி பழுதுற்றோர்க்கு இவ்விடைவெளிகள் போதிய அளவு பயன்படுவதில்லை. முன்னெழுந்த ஓசையின் பிடியிலிருந்து அவர்தம் செவி விடுபடுமுன் அடுத்த அலை வந்துவிடுகிறது.

இரு செவிகள் இருத்தலும் பெருந்துணையாகும். வலப்புறம் எழும் ஒலி வலச்செவியை அடைந்த பின்னரே இடச்செவியை அடையும். அக்கால வேறுபாடு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறுக்கும் குறைவு. அச்சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை குரல்களைத் திசைவாரியாக வகுத்துவிடுகிறது. விமானங்களை வழிநடத்தும் அலுவலர்கள் பல குரல்களை ஒருங்கே கேட்க நேர்ந்து இடர்ப்பட்ட காலத்தில், காலின் செரி என்னும் அறிஞர் 1953ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தார். ஒரே குரலில் பதிந்த இரு செய்திகளைக் கலந்து இரு செவிகளிலும் ஒலிக்கச் செய்தபோது கேட்போர் அவற்றைப் பிரிக்கப் பெரிதும் திணறினர். ஒரு செய்தியை ஒரு செவிக்கும் மற்றதை மறு செவிக்கும் தந்தபோது வேண்டிய ஒன்றை எளிதாகத் தொடர்ந்தனர். வேண்டாத செவியில் ஒலித்தது இடையே ஆங்கிலத்திலிருந்து செருமன் மொழிக்கு மாறியதைக்கூட அவர்கள் உணரவில்லை! ஒரு செவி மட்டும் கெட்டவரைக் குறையில்லாதவர் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

செவி குறைந்தவர் கூட்டத்திலிருந்து விரைவில் சோர்ந்து எழுந்து செல்வதற்கும் காரணம் உண்டு. செல்லரித்த ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்தோர் உழைப்பைத் தமிழ் உலகம் அறியும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுதற்குப் பல சுவடிகளை ஒப்பிட்டு, சிதைந்த இடங்களில் மெய்யான பாடம் எதுவென ஆராய்ந்து உழைத்தார். அவர் ஒரு சொல்லின்முன் நாட்கணக்கில் காத்திருக்க இயன்றது. ஐயம் தீர வேறு சுவடியைத் தேடவும் இயன்றது. செவி குறைந்தவரோ ஒவ்வொரு வாக்கியத்திலும் துளைகளை நிரப்பிப் படிக்க வேண்டும். காத்திருக்க அவருக்கு ஒரு நொடியும் இல்லை. முதற் சொல்லை உய்த்துணர்வதற்குள் மூன்றாம் சொல் கடந்துபோகிறது. அவ்வுழைப்பு பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. முகத்தில் தோன்றும் சுளிப்பே தெரிகிறது.

பொதுவான செவிச் சோதனையில் குறையற்றவர் எனப் பெயர் பெற்றோரும் சிலபோது கூட்டத்தில் சொல் விளங்காது இடர்ப்படுவர். அச்சோதனை அமைதியான அறையில் மெல்லிய தனியொலிகளைக் கேட்கச் செய்து அளப்பது. 2009இல் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் குசாவா, லிபர்மன் என்னும் இருவர் எலிகளிடம் செய்த ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. பேரோசைக்கு உட்பட்ட எலிகளின் கேட்கும் அளவு சில நாட்களில் பழைய நிலைக்கு மீண்டது. ஆனால் மயிரணுக்களை நரம்போடு பிணைக்கும் இணைப்புகளில் பல மீளாமல் அழிந்திருந்தன. மனிதரிடம் இது எவ்வளவு நேர்கிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. எவ்வாறாயினும், இரைச்சலில் பேச்சைக் கேட்கச் செய்து அளக்கும் சோதனையும் உண்டு. கூட்டத்தில் இடர்ப்படுவோர்க்கு அதனையும் செய்த பின்னரே “குறை இல்லை” என்று எழுதித் தருதல் முறை.

இனி, குறையற்ற செவியுடையோர் இதனைப் பிறர் துன்பம் என்று ஒதுக்கிவிட இயலாது. இரைச்சல் போதிய அளவு மிகுந்தால் எவர் செவியும் தோற்கும். செவி குறைந்தவர் சற்று முன்னரே தோற்கிறார், வேற்றுமை அவ்வளவே. சிறுவர்க்கு இது பின்னும் பொருந்தும். பெரியோர் பல ஆண்டுகள் பேசிப் பழகிய மொழியறிவால் துளைகளை நிரப்பிக்கொள்வர். பாடத்தையே அன்று முதன்முதல் கேட்கும் மாணவன் எதனைக் கொண்டு நிரப்புவான்? எல்லைப்புறப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கு பேசி வகுப்பில் தமிழ் கேட்கும் பிள்ளைகள் உண்டு. தாய்மொழி அல்லாத மொழியைக் கேட்போர்க்கு அமைதியில் தோன்றாத இடர்ப்பாடு இரைச்சலில் தோன்றும் என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்த பிள்ளையும், காதில் சீழ் வடியும் பிள்ளையும் அதே வகுப்பில்தான் அமர்ந்திருப்பர். நெடுஞ்சாலை வண்டியின் ஊதொலி, தலைமேல் சுழலும் விசிறி, தடுப்புச் சுவர் உயராத அடுத்த வகுப்பின் பாடம் ஆகிய மூன்றும் சேரும்போது கடைசி வரிசைக்குச் சென்று சேர்வது ஆசிரியர் குரலின் உயிரெழுத்துகள் மட்டுமே.

பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் எல்லையை அமைதி மண்டலமாக்கலாம் என்றும், அங்கே பகலில் ஓசை 50 டெசிபலைக் கடத்தல் ஆகாது என்றும் இந்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டன. இயல்பான உரையாடல் 60 டெசிபல் அளவினது. ஆகவே விதி செம்மையானதே. ஊதொலி எழுப்பும் வண்டியோட்டி அதனை அறிந்திருக்கிறாரா என்பது வேறு.

செவி குறைந்தவரிடம் மக்கள் முதலில் செய்வது கூச்சலிடுதல். இரைச்சலில் பேசுவோர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர் என்பதைப் பிரஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார் 1911இல் கூறினார். ஆனால் கூச்சலில் ஓங்குவது பெரும்பாலும் உயிர் ஒலியே. விளங்காதிருக்கும் மெய் அவ்வளவு ஓங்குவதில்லை. அன்றியும் பழுதுற்ற செவி மெல்லொலியைக் கேளாதது போலவே வல்லொலியைத் தாங்கவும் மாட்டாது. கூவியவர் “ஏன் முகம் சுளிக்கிறீர்?” என்று கேட்பது எவ்வளவு பேதைமை! கூவுவதை விட்டு அருகில் செல்லுதலே தக்கது. திறந்த வெளியில் பாதித் தொலைவுக்கு வந்தால் செவியில் படும் ஒலியின் அழுத்தம் இரு மடங்காகும். தொண்டைக்கு அதனால் செலவு ஒன்றும் இல்லை. முகம் தெரிய நிற்றலும் வேண்டும். இரைச்சல் மிகுந்தோறும் பேசுவோர் முகத்தைக் காண்பதால் வரும் பயனும் மிகுகிறது என்று சம்பி, பொல்லாக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1954இல் காட்டினர். இதழை மூடித் திறக்கும் பகரமும் நாவை மட்டும் அசைக்கும் தகரமும் செவிக்கு ஒன்றாயினும் கண்ணுக்கு ஒன்றல்ல. இருமுறை சொல்லியும் விளங்காத சொல்லை மூன்றாம் முறை அப்படியே சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லலாம். விலையாயின் விரலால் காட்டலாம்.

மறுபடி கேட்பதை இழிவாக நினைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புறம்பானது. செவியால் உணர்தலையும் வினவுதலையும் ‘கேட்டல்’ என்னும் ஒரே சொல்லால் குறித்த மொழி இது. ஒரு நூலை இருமுறை கேட்டவனுக்குப் பிழை மிகுதியாக நேராது என்றும், மும்முறை கேட்டவன் அதனைப் பிறர்க்கு முறையாக உரைக்க வல்லவன் ஆவான் என்றும் நன்னூற் பாயிரம் மாணாக்கர்க்கு வகுத்துரைத்தது. அந்த மரபில் வந்த வகுப்பறையில், “ஐயா, மறுபடி சொல்லுங்கள்” என்று எழும் மாணவனை அமரச் செய்தல் எங்ஙனம் பொருந்தும்?

காதொலிக் கருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதனை வாங்கிய முதியோர் பலர் ஒரு திங்கள் அணிந்து பின் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். செல்லரித்த ஏட்டை உருப்பெருக்கியால் நோக்கினால் எழுத்தோடு துளையும் பெரிதாகத் தோன்றும். கருவியும் சொல்லோடு இரைச்சலையும் பெருக்கித் தருகிறது. முன்னிருந்து வரும் குரலை மிகுத்துப் பின்னிருந்து வரும் ஓசையைக் குறைக்கும் கருவிகள் இப்போது உண்டு. ஆயினும் அவையும் இழந்த கூர்மையை முற்றும் மீட்பனவல்ல. அவற்றின் ஒலிக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். இதனை முன்கூட்டியே எடுத்துரைத்தால் பெட்டியில் உறங்கும் கருவிகள் குறையும். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இக்கருவிகளை விலையின்றியும் வழங்குகிறது. பெறுவதற்கு நாணுவோர்தாம் மிகுதி. மூக்குக் கண்ணாடி அணிந்தவரைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. காதில் கருவி வைத்தவரை மட்டும் திரும்பிப் பார்க்கின்றனர். உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர்க்குச் செவித்திறன் ஏதேனும் ஓர் அளவில் குறைந்துள்ளது என உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இத்துணைப் பேரும் நாணி ஒளிந்தால் எங்கே ஒளிவர்?

வந்த குறையைத் தாங்குவதினும் வராமல் காத்தல் எளிது. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 1971 முதல் ஏவூர்திகள் விண்ணுக்கு எழுகின்றன. அவற்றின் முழக்கத்துக்கு அஞ்சிச் சிறுவர் காதைப் பொத்துவதுண்டு. தொலைவில் சிறிது நேரம் எழுந்து அடங்கும் அம்முழக்கம் அல்ல அஞ்சத்தக்கது. கையெட்டும் தூரத்தில் நாள்தோறும் பல மணி நேரம் அதிரும் எஞ்சினே அஞ்சத்தக்கது. 80 டெசிபல் ஓசையை வாரத்துக்கு 40 மணி நேரம் செவி தாங்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை. ஓசை 90 டெசிபலாயின் அந்நேரம் 4 மணியாகச் சுருங்கிவிடும். ஒரு வாரத்துக்கு உரிய அந்நான்கு மணி, கடலோடுவோர்க்கு ஒரே நாளில் தீர்ந்துபோகும்.

காதை அடைத்துக்கொண்டு செல்லுங்கள் என்று கரையில் இருப்போர் சொல்லுதல் எளிது. மீனவர் அதற்கு உடன்படாமைக்குத் தக்க காரணம் உண்டு. அலை உடையும் ஓசை, அண்மையில் வரும் படகின் ஓசை, உடன்வந்தோர் எழுப்பும் எச்சரிக்கை ஆகியவற்றைக் கேளாதவன் கடலில் உயிர் பிழைப்பது அரிது. ஆதலின் ஓசையைச் செவியில் தடுப்பதினும் எஞ்சினிலேயே குறைத்தல் மேல். புகை வெளியேறும் குழாய்க்கு நல்ல ஓசையடக்கி, அதிர்வைத் தாங்கும் இருக்கை, எஞ்சினுக்கு மூடுபெட்டி ஆகியவை புதுமைகள் அல்ல. மகிழுந்துகளில் நெடுங்காலமாக உள்ளவையே. எஞ்சின் விற்போரும், அதற்கு மானியம் வழங்குவோரும், வாங்குவோரும் குதிரைத்திறன் எவ்வளவு, எண்ணெய்ச் செலவு எவ்வளவு என்பதோடு நின்றுவிடுகின்றனர். வலை வாங்கும் மீனவர் கண்ணின் அளவைக் கேளாமல் வாங்குவதில்லை. எஞ்சினின் ஓசை எத்தனை டெசிபல் என்று கடையில் கேட்பவர் இன்னும் அரியர்.